சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு மூட்டழற்சியை முன்கூட்டியே கண்டறிதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் சொரியாசிஸ் உள்ளவர்களுக்காகவும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காகவும் எழுதப்பட்டது. மூட்டில் நோய் தொடங்குகிறதா என்பதை எப்படிக் கவனிப்பது, மருத்துவர் எதைக் கேட்பார், எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பவற்றை இங்கே விளக்குகிறேன். மருந்தைத் தொடங்குவதும் மாற்றுவதும் நிறுத்துவதும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும்.

சொரியாசிஸ் தோல் நோய்தானே? தோல் மருத்துவர் மூட்டு வலியைப் பற்றி ஏன் விசாரிக்கிறார்?

சொரியாசிஸ் தோலில் வெளிப்படுகிறதே தவிர, அதன் வேர் நோய் எதிர்ப்பு மண்டலத்தில் இருக்கிறது. தோலின் செல்களை அளவுக்கு மீறி வேகமாகப் பெருகவைத்துச் செதில் செதிலாக உதிரச் செய்யும் அதே அழற்சி, சிலருக்கு மூட்டுகளின் உட்சவ்வையும், தசைநாண்கள் எலும்போடு சேரும் இடங்களையும், முதுகெலும்பையும் தாக்குகிறது. இதையே சொரியாசிஸ் மூட்டழற்சி என்கிறோம். மருத்துவச் சீட்டுகளில் இது சோரியாட்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதப்பட்டிருக்கும்.

இந்நோய் வருபவர்களில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேருக்குத் தோல் நோயே முதலில் வருகிறது. ஆகவே மூட்டு நோய் தலைகாட்டும் காலத்தில் அவர் ஏற்கெனவே ஒரு தோல் மருத்துவரிடம் போய்வந்துகொண்டிருப்பார். ஆனால் குதிகால் வலித்தால் செருப்பைக் குறை சொல்வதும், விரல் வீங்கினால் வேலைப்பளுவைக் காரணம் காட்டுவதும், தோல் மருத்துவரிடம் தோலை மட்டுமே காட்ட வேண்டும் என்று நினைப்பதும் மனித இயல்பு. எலும்பு மருத்துவரிடம் போகிறவரோ தலைமுடிக்குள் மறைந்திருக்கும் படையைப் பற்றிச் சொல்வதில்லை. இரண்டு மருத்துவர்களுக்கு நடுவே நோய் யார் கண்ணிலும் படாமல் வளர்கிறது. தோல் மருத்துவர் கேட்கும் இரண்டு நிமிடக் கேள்விகள் இந்த இடைவெளியை அடைப்பதற்காகவே.

சொரியாசிஸ் உள்ள எல்லோருக்கும் மூட்டழற்சி வருமா?

வராது. உலகின் பல பகுதிகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், சொரியாசிஸ் உள்ளவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு இது வருகிறது. மருத்துவமனைகளில் நீண்ட காலம் சிகிச்சை பெறுபவர்களிடையே இந்த விகிதம் இன்னும் சற்று அதிகம். பெரும்பாலானவர்களுக்கு வராது என்பது ஆறுதலான செய்திதான். ஆனாலும் ஐந்தில் ஒருவர் என்பது கேட்காமலே விட்டுவிடக்கூடிய எண்ணிக்கை அன்று.

தோலில் சொரியாசிஸ் தொடங்கியதற்கும் மூட்டு பாதிக்கப்படுவதற்கும் இடையே சராசரியாகப் பத்து ஆண்டுகள் வரை செல்லலாம். சிலருக்குச் சில மாதங்களிலேயே வந்துவிடும். சிலருக்கு முப்பது ஆண்டுகள் கழித்து வரும். 30 முதல் 50 வயதுக்குள் தொடங்குவதே அதிகம். ஆண், பெண் இருபாலருக்கும் கிட்டத்தட்ட சமமாக வருகிறது. பத்துப் பதினைந்து விழுக்காட்டினருக்கு மூட்டு நோய் முந்திக்கொள்ளும்; தோல் நோய் பின்னரே தெரியவரும்.

சில மாதம் தாமதமானால் அப்படி என்ன கெட்டுவிடும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனெனில் நோயாளிகள் பெரும்பாலும் இதை எவரிடமும் கேட்பதில்லை. "தானாகச் சரியாகிவிடும்" என்று காத்திருந்துவிடுகிறார்கள்.

அழற்சி நீடிக்கும் மூட்டில் குருத்தெலும்பும் அதன் கீழுள்ள எலும்பும் அரிக்கப்படுகின்றன. அதே நேரத்தில் மூட்டின் ஓரங்களிலும், தசைநாண் ஒட்டும் இடங்களிலும், முதுகெலும்புகளுக்கு இடையிலும் வேண்டாத புது எலும்பு வளர்கிறது. ஒரு பக்கம் அரிப்பும் இன்னொரு பக்கம் வளர்ச்சியுமாக இரண்டும் சேர்ந்து நடப்பது இந்நோயின் தனித்தன்மை. வீக்கத்தையும் வலியையும் மருந்தால் வடியவைக்கலாம். அரிக்கப்பட்ட எலும்பையோ ஒட்டிப்போன மூட்டையோ மருந்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

அயர்லாந்தின் டப்ளினில் நடத்தப்பட்டு 2015ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, அறிகுறி தொடங்கியதிலிருந்து மூட்டுவாத நிபுணரைப் பார்க்க ஆறு மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களுக்கு எலும்பு அரிப்பும், அன்றாட வேலைகளைச் செய்வதில் உள்ள சிரமமும் பிற்காலத்தில் அதிகமாக இருந்ததைக் காட்டியது. ஆறு மாதம் என்பது எவ்வளவு குறுகிய காலம் என்பதை நினைத்துப் பாருங்கள். முதல் வலியைப் பொருட்படுத்தாமல் இரண்டு மாதம், வலி மாத்திரையோடு இரண்டு மாதம், தேய்மானம் என்று நினைத்து உடற்பயிற்சி செய்து இரண்டு மாதம் என்று அது எளிதாகக் கரைந்துவிடும்.

இன்னொரு உண்மையும் உண்டு. தோல் மருத்துவமனைகளுக்கு வரும் சொரியாசிஸ் நோயாளிகளை மூட்டுவாத நிபுணர்கள் பரிசோதித்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, நூற்றுக்குச் சுமார் 15 பேருக்கு அதுவரை யாராலும் கண்டறியப்படாத மூட்டழற்சி இருந்தது. அவர்கள் மருத்துவரைப் பார்க்காதவர்கள் அல்லர். சரியான கேள்வி அவர்களிடம் கேட்கப்படவில்லை, அவ்வளவுதான்.

முதலில் என்னென்ன தெரியும்?

ஆளுக்கு ஆள் மாறும். 1973ஆம் ஆண்டிலேயே மோல், ரைட் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இந்நோயை ஐந்து வடிவங்களாகப் பிரித்துக் காட்டினர்: உடலின் இரு பக்கமும் ஒத்துப்போகாமல் ஒன்றிரண்டு மூட்டுகளில் மட்டும் வருவது, முடக்குவாதத்தைப் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) போல இரு பக்கமும் பல மூட்டுகளில் வருவது, விரல் நுனி மூட்டுகளில் வருவது, முதுகெலும்பில் வருவது, விரல் எலும்புகளைக் கரைத்துவிடும் அரிய கடுமையான வடிவம். ஒருவருக்கே காலப்போக்கில் ஒரு வடிவம் இன்னொன்றாக மாறுவதும் உண்டு. ஆகவே "இவருக்கு வந்ததுபோல எனக்கு இல்லையே" என்று வேறொருவரோடு ஒப்பிட்டுத் திருப்தியடைய வேண்டாம்.

தொடக்கத்தில் மிகவும் கவனிக்க வேண்டியவை சில. காலையில் எழுந்ததும் கைகளோ முதுகோ விறைத்துப்போய், அரை மணி நேரத்துக்கு மேல் அந்த விறைப்பு விடாமல் இருப்பது முதலாவது. ஒரு கைவிரலோ கால்விரலோ ஒரு மூட்டில் மட்டுமின்றி அடி முதல் நுனி வரை உருண்டு வீங்குவது இன்னொன்று; மூட்டும் அதைச் சுற்றியுள்ள தசைநாண் உறையும் சேர்ந்து அழற்சி அடைவதால் இப்படி ஆகிறது. இது சிலருக்கு வலியே இல்லாமலும் வரும் என்பதால் மோதிரம் இறுகுவதும், ஒரு காலில் மட்டும் செருப்பு பிடிப்பதும் கூட கவனிக்கத் தக்கவை.

குதிகாலின் பின்புறத்தில் அக்கிலீஸ் தசைநாண் ஒட்டும் இடத்திலோ, குதிகாலின் அடியிலோ, முழங்கையின் வெளிப்புறத்திலோ, முழங்கால் சிப்பியின் விளிம்பிலோ வாரக்கணக்கில் வலி நீடித்தால் அதுவும் நோயின் தொடக்கமாக இருக்கலாம். இந்த இடங்களில் வீக்கம் வெளியே அதிகம் தெரியாது. எனவேதான் பலமுறை தவறவிடப்படுகிறது. இவற்றோடு காரணம் தெரியாத கடுமையான களைப்பும் சேர்ந்துவருவது வழக்கம். மூட்டு வீங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிலருக்கு மூட்டு வலியும் விறைப்பும் களைப்பும் வந்துவிடுகின்றன என்பது நீண்டகாலத் தொடர் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

கருமை அல்லது மாநிறத் தோலில் மூட்டின் மேல் சிவப்பு நிறம் எளிதில் தெரியாது. சிவக்கவில்லை என்பதற்காக அழற்சி இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. தொட்டால் சூடாக இருக்கிறதா, அழுத்தினால் வலிக்கிறதா, மறுபக்க மூட்டோடு ஒப்பிட்டால் மடிப்புக்கோடுகள் மறைந்து உப்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மூட்டைப் பார்க்க வந்த மருத்துவர் நகத்தை ஏன் இவ்வளவு உற்றுப் பார்க்கிறார்?

விரலின் கடைசி மூட்டை நீட்டவைக்கும் தசைநாண், நுனி எலும்பில் ஒட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. அதன் நார்கள் இன்னும் சிறிது தூரம் முன்னேறி, நகம் உற்பத்தியாகும் வேர்ப்பகுதியைச் சூழ்ந்துகொள்கின்றன. நக வேரும் கடைசி மூட்டும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஒரே இழையால் பிணைக்கப்பட்டிருப்பதால், தசைநாண் ஒட்டும் இடத்தில் உண்டாகும் அழற்சி நகத்திலும் தடம் பதிக்கிறது. நகப் பாதிப்பு உள்ள சொரியாசிஸ் நோயாளிகளுக்கு மூட்டழற்சி வரும் வாய்ப்பு அதிகமாக இருப்பதற்கும், விரல் நுனி மூட்டு வீங்கும்போது அதே விரலின் நகமும் கெட்டிருப்பதற்கும் இதுவே விளக்கம்.

வெளிச்சத்தில் நகத்தைச் சாய்த்துப் பார்த்தால் ஊசி முனையால் குத்தியதுபோன்ற சிறு குழிகள் தெரியலாம். நகத்தின் நுனி அதன் படுகையிலிருந்து விலகி வெளுத்திருக்கலாம். நகத்துக்கு அடியில் எண்ணெய் சிந்தியதுபோன்ற மஞ்சள்-பழுப்புப் புள்ளி இருக்கலாம். நகம் தடித்து நொறுங்கலாம். கால் நகம் தடிப்பதற்குப் பூஞ்சைத் தொற்றும் காரணமாகலாம் என்பதால், ஐயம் இருந்தால் நகத்துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். மருத்துவரிடம் போகும் நாளில் நகப்பூச்சு வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது இதற்காகவே.

சாதாரண மூட்டுத் தேய்மானத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தேய்மான வலி பொதுவாக மூட்டைப் பயன்படுத்தப் பயன்படுத்தக் கூடும், ஓய்வில் குறையும், காலை விறைப்பு சில நிமிடங்களில் விலகிவிடும். அழற்சி வலி இதற்கு நேர்மாறு: ஓய்வெடுத்தால் கூடுகிறது, நடமாடினால் தளர்கிறது, இரவின் பிற்பகுதியில் தூக்கத்தைக் கலைக்கிறது. முதுகு வலிக்கும் இதே அளவுகோல்தான். 40 வயதுக்கு முன் மெல்ல மெல்லத் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, படுத்திருந்தால் கூடி, எழுந்து நடந்தால் குறையும் முதுகு வலியை "தட்டு விலகல்" என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

குழப்பம் வரும் இடங்கள் உண்டு. விரல் நுனி மூட்டு தேய்மானத்திலும் பாதிக்கப்படும். ஆனால் அங்கே எலும்பு முடிச்சுபோலக் கெட்டியாக இருக்கும், இங்கே மென்மையாக உப்பியிருக்கும். யூரிக் அமிலம் படிவதால் வரும் கவுட் நோயும் ஒரு கால்விரலைத் திடீரென வீங்கவைக்கும். அது ஒரே இரவில் உச்சத்துக்குப் போய்ச் சில நாள்களில் வடிந்துவிடும். சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு யூரிக் அமிலம் சற்று உயர்ந்திருப்பது சகஜம் என்பதால், இரத்தத்தில் அந்த எண் கூடியிருப்பதை மட்டும் வைத்துக் கவுட் என்று முடிவு செய்வது ஆபத்தானது.

யாருக்கு வாய்ப்பு அதிகம்?

நகப் பாதிப்பைப் பற்றி முன்பே சொன்னேன். தலைச்சருமத்தில் சொரியாசிஸ் இருப்பவர்கள், பிட்டப் பிளவிலும் ஆசனவாயைச் சுற்றியும் படை உள்ளவர்கள், உடலின் பெரும்பகுதியில் படை பரவியவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்த மூட்டு நோய் உள்ளவர்கள், உடல் எடை மிகுந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு கூடுதல். இவற்றில் பிட்டப் பிளவில் உள்ள படையைப் பற்றிப் பலர் கூச்சத்தால் சொல்வதே இல்லை. மருத்துவருக்கு அது மிக முக்கியமான தகவல், தயங்காமல் சொல்லிவிடுங்கள். எலும்பிலோ மூட்டிலோ பலமான காயம் பட்ட பிறகு நோய் தொடங்குவதும் சொரியாசிஸ் உள்ளவர்களிடம் காணப்படுகிறது. ஆகவே அடிபட்ட மூட்டின் வீக்கம் எதிர்பார்த்த காலத்தைத் தாண்டியும் வடியாவிட்டால், காயத்தின் மீதே பழியைப் போடாமல் காட்டிவிடுவது நல்லது.

எனக்கு முழங்கையில் சிறு படை மட்டுமே இருக்கிறது. நானும் கவனமாக இருக்க வேண்டுமா?

ஆம். தோல் நோய் கடுமையாக இருப்பவர்களுக்கு வாய்ப்பு அதிகம் என்றாலும், மொத்தச் சொரியாசிஸ் நோயாளிகளில் லேசாக உள்ளவர்களே பெரும்பான்மை. எனவே மூட்டழற்சி வருபவர்களிலும் கணிசமானோர் அவர்களிடமிருந்தே வருகிறார்கள். தோலின் நிலையும் மூட்டின் நிலையும் ஒன்றோடொன்று ஏறி இறங்குவதில்லை.

மருத்துவமனையில் தரும் வினாத்தாளில் என்ன கேட்பார்கள்?

பல வினாத்தாள்கள் உள்ளன. அதிகம் புழங்குவது பி.இ.எஸ்.டி. என்ற சுருக்கப் பெயருடைய ஐந்து கேள்விகள் கொண்ட தாள். 2009ஆம் ஆண்டு வெளியானது. எப்போதாவது மூட்டு வீங்கியதுண்டா, உங்களுக்கு மூட்டழற்சி இருப்பதாக எந்த மருத்துவராவது சொன்னதுண்டா, கைவிரல் அல்லது கால்விரல் நகங்களில் குழிகள் உண்டா, குதிகால் வலி வந்ததுண்டா, வெளிப்படையான காரணமின்றி ஒரு விரல் முழுவதும் வீங்கி வலித்ததுண்டா என்பவை அந்த ஐந்து. மூன்று அல்லது அதற்கு மேல் "ஆம்" என்றால் மூட்டுவாத நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது விதி. தாளோடு ஒரு மனித உருவப் படமும் இருக்கும். வலித்த மூட்டுகளை அதில் குறிக்க வேண்டும். 2012இல் வெளியான இ.ஏ.ஆர்.பி. என்ற பத்துக் கேள்வித் தாளிலும் மூன்று "ஆம்" என்பதே எல்லை.

இவற்றின் வரம்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேய்மானம் உள்ளவரும் மூன்று கேள்விகளுக்கு "ஆம்" சொல்லக்கூடும்; மூட்டழற்சி உள்ளவரும் இரண்டோடு நின்றுவிடக்கூடும். பி.இ.எஸ்.டி. தாளின் ஐந்து கேள்விகளில் முதுகு வலியைப் பற்றி ஒன்றுகூட இல்லை. எனவே முதுகெலும்பில் மட்டும் நோய் தொடங்கியவர் அதில் எளிதாகத் தப்பிவிடுவார். என் கருத்தில் மதிப்பெண்ணைவிட, அந்தத் தாள் தொடங்கிவைக்கும் உரையாடலே மதிப்புமிக்கது. மதிப்பெண் இரண்டாக இருந்தாலும் ஒரு விரல் முழுவதும் வீங்கியதாகச் சொல்பவரை நிபுணரிடம் அனுப்பாமல் இருப்பது சரியன்று. அதேபோல "மூட்டு வலி உண்டா?" என்று மட்டும் கேட்டால் பலர் "இல்லை" என்றே சொல்வார்கள், "காலையில் எழுந்து எவ்வளவு நேரம் கழித்து உங்களால் கையை முழுதாக மடக்க முடிகிறது?" என்று கேட்டால்தான் விடை நாற்பது நிமிடம் என்று வரும்.

மருத்துவர் கையால் என்ன பரிசோதிப்பார்?

நிபுணர் ஒவ்வொரு மூட்டையும் தன் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்துவார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: அழுத்துபவரின் நகத்தடி வெளுக்கும் அளவுக்கு. அதற்குக் குறைந்தால் வலி தெரியாது. கூடினால் நல்ல மூட்டும் வலிக்கும். கைவிரல்களின் அடிமூட்டுகளையும் பாதத்தின் முன்பகுதியையும் குறுக்காகப் பிடித்துப் பிழிவார். பிறகு குதிகால், முழங்கை, முழங்கால் விளிம்பு ஆகிய இடங்களைத் தொட்டுப் பார்ப்பார். முதுகை வளைக்கச் சொல்வார். தலைமுடிக்குள்ளும், காதுக்குப் பின்னும், தொப்புளிலும் படை இருக்கிறதா என்று தேடுவார். சாக்ஸைக் கழற்றச் சொன்னால் தயங்க வேண்டாம். பாதத்தைப் பார்க்காத மூட்டுப் பரிசோதனை பாதிப் பரிசோதனைதான்.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ் என்று வந்துவிட்டது. நோய் இல்லை என்று பொருளா?

இல்லை. இந்தத் தவறான நம்பிக்கையால் இழக்கப்படும் மாதங்கள் ஏராளம். ஆர்.ஏ. ஃபேக்டர் முடக்குவாதத்தில் பெரும்பாலும் காணப்படும் எதிர்ப்பொருள். சொரியாசிஸ் மூட்டழற்சி உள்ளவர்களில் பெரும்பான்மையினருக்கு அது நெகட்டிவாகவே இருக்கும். சொல்லப்போனால் அது நெகட்டிவாக இருப்பதே இந்நோயை உறுதிசெய்ய ஒரு மதிப்பெண் தருகிறது: 2006இல் வெளியான காஸ்பர் என்ற வகைப்பாட்டில், மூட்டிலோ முதுகெலும்பிலோ தசைநாண் ஒட்டும் இடத்திலோ அழற்சி இருப்பவருக்கு, தற்போது சொரியாசிஸ் இருந்தால் 2, நகப் பாதிப்புக்கு 1, விரல் முழுவதும் வீங்கியதற்கு 1, ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவாக இருந்தால் 1, எக்ஸ்ரேயில் மூட்டருகே புது எலும்பு தெரிந்தால் 1 என மதிப்பெண்கள் கூட்டப்படுகின்றன. மூன்று வந்தால் போதும்.

இரத்தத்தில் பார்க்கும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய அழற்சி அளவுகளும் இந்நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இயல்பாகவே இருக்கும். அவை கூடியிருந்தால் அது பயனுள்ள செய்தி. இயல்பாக இருந்தால் அது எதையும் தள்ளுபடி செய்வதில்லை. இந்நோயை உறுதிசெய்யும் தனி இரத்தப் பரிசோதனை இதுவரை கிடையாது.

எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடாதா?

தொடக்கத்தில் எக்ஸ்ரே இயல்பாக இருப்பதே வழக்கம். எக்ஸ்ரே காட்டுவது நடந்து முடிந்த சேதத்தை. நாம் தேடுவது சேதத்துக்கு முந்தைய அழற்சியை. அல்ட்ராசவுண்ட் கருவி மூட்டின் உட்சவ்வு தடித்திருப்பதையும் அங்கே இரத்த ஓட்டம் கூடியிருப்பதையும் காட்டும். முதுகெலும்புக்கும் இடுப்பின் சாக்ரோ இலியாக் மூட்டுக்கும் எம்.ஆர்.ஐ. தேவைப்படும். எந்த அறிகுறியும் இல்லாத சொரியாசிஸ் நோயாளிகளுக்கும் ஸ்கேனில் சிறு மாற்றங்கள் தெரிவதுண்டு. அவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. எனவே எல்லோருக்கும் ஸ்கேன் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அறிகுறியும் பரிசோதனையும் ஐயத்தை எழுப்பிய இடத்தில் அதைத் தீர்க்கவே ஸ்கேன்.

யாரிடம் போக வேண்டும்?

ருமட்டாலஜிஸ்ட் என்று அழைக்கப்படும் மூட்டுவாத நோய் நிபுணரிடம். எலும்பு முறிவுக்கும் மூட்டு மாற்று அறுவைக்கும் எலும்பு மருத்துவர். அழற்சி மூட்டு நோய்க்கு இவர். வீங்கிய மூட்டோ முழுதாக வீங்கிய விரலோ இருந்தால் வாரங்களுக்குள் பார்ப்பது நல்லது. ஒரே ஒரு மூட்டு திடீரென வீங்கிக் கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அது மூட்டுக்குள் சீழ் பிடித்ததாக இருக்கலாம். அதற்குக் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கண் சிவந்து வலித்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வை மங்கினால் அது இந்நோயோடு தொடர்புடைய கண் அழற்சியாக இருக்கலாம். கண் மருத்துவரையும் அன்றே பாருங்கள்.

அதுவரை வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா?

இபுபுரூஃபன், நாப்ராக்சன் போன்றவை வலியையும் விறைப்பையும் குறைக்கும். ஆனால் எலும்பு அரிப்பைத் தடுப்பதாக அவற்றை நம்ப முடியாது. சிறுநீரகம், இதயம், வயிற்றுப் புண் ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக வாங்கிப் போடுவது இதைவிட மோசமானது. விழுங்கிய சில நாள்களிலேயே தோலும் மூட்டும் குணமானதுபோலத் தோன்றும். நிறுத்தியதும் சொரியாசிஸ் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பலாம், சிலருக்கு உடலெங்கும் சீழ்க்கொப்புளங்களாகவும் வெடிக்கலாம்.

தோலுக்கு எடுக்கும் சிகிச்சை மூட்டையும் காக்குமா?

களிம்புகளும் ஒளிச் சிகிச்சையும் தோலோடு நின்றுவிடும். மெத்தோட்ரெக்சேட் மாத்திரை இரண்டுக்கும் பயன்படுகிறது, ஆனால் முதுகெலும்பு நோய்க்கு அது உதவுவதில்லை. டி.என்.எஃப்., இன்டர்லூகின்-17, இன்டர்லூகின்-23 ஆகிய, அழற்சியைத் தூண்டும் புரதங்களைத் தடுக்கும் உயிரியல் மருந்துகள் தோலுக்கும் மூட்டுக்கும் வேலை செய்கின்றன. மூட்டு நோயும் இருப்பது முன்பே தெரிந்தால், இரண்டையும் ஒருசேரக் கட்டுப்படுத்தும் மருந்தைத் தோல் மருத்துவரால் தேர்ந்தெடுக்க முடியும். இதற்காகவும் முன்கூட்டிய பரிசோதனை பயன்படுகிறது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட் கருவுக்குத் தீங்கு செய்யும்.

மூட்டு நோய் வருவதையே இம்மருந்துகள் தடுக்குமா என்ற கேள்விக்கு, இதுவரை வந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணாக உள்ளன. தோல் நன்றாகிவிட்டது, இனி மூட்டைப் பற்றிக் கவலையில்லை என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது. உடல் எடையைக் குறைப்பதோ உறுதியான பலன் தருவது: மூட்டின் சுமை குறைவதோடு, மருந்துகளும் நன்றாக வேலை செய்கின்றன.

குழந்தைகளுக்கும் வருமா?

வரும். குழந்தைகளில் மூட்டு நோய் தோல் நோயை முந்திக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. குடும்பத்தில் யாருக்காவது சொரியாசிஸ் உண்டா என்று குழந்தை மருத்துவர் கேட்பது அதனால்தான். சிறு பிள்ளை "வலிக்கிறது" என்று சொல்லாது. காலையில் நொண்டும், ஓடியாட மறுக்கும், பேனாவை வேறு விதமாகப் பிடிக்கும். மூட்டழற்சி உறுதியான குழந்தைக்குக் கண்ணில் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும், கண் மருத்துவர் குறித்துத் தரும் இடைவெளியில் கண்ணுக்குள் பார்க்கும் விளக்குக் கருவிப் பரிசோதனையை (ஸ்லிட் லேம்ப்) தவறவிடக் கூடாது. குழந்தைகளின் கண் அழற்சி சிவப்போ வலியோ இன்றியே பார்வையைப் பறிக்கக்கூடியது.

இப்போது ஒன்றும் இல்லை என்றுவிட்டார்கள். மறுபடி எப்போது பார்க்க வேண்டும்?

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2012இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சொரியாசிஸ் உள்ளவர்களிடம் ஆண்டுக்கு ஒருமுறையாவது மூட்டழற்சிக்கான மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. தோல் நோய் தொடங்கிய முதல் பத்து ஆண்டுகளில் இது மிகவும் அவசியம் என்றும் குறிப்பிடுகிறது. மருத்துவர் மறந்தால் நீங்கள் நினைவூட்டலாம். அது அவர் வேலையில் தலையிடுவது ஆகாது. நடுவில் புதிய அறிகுறி தோன்றினால் ஆண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இந்நோயின் வீக்கம் வந்து வந்து போகும் இயல்புடையது; மருத்துவரைப் பார்க்கும் நாளில் வடிந்துபோயிருக்கலாம். எனவே வீங்கியிருக்கும்போதே, மறுபக்கத்து விரலும் தெரியும்படி, நல்ல வெளிச்சத்தில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எந்தெந்தத் தேதியில் எந்த மூட்டு, காலை விறைப்பு எத்தனை நிமிடம் என்று ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்லுங்கள். அன்று காலை வலி மாத்திரை போட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். அது வீக்கத்தையும் வலியையும் சில மணி நேரம் மறைத்து, பரிசோதிப்பவரை ஏமாற்றிவிடக்கூடும்.